ஒத்திகைக் கடல்

குடும்பச் சிக்கன வாரியத்தின் கட்டடம் ஏழு மாடி. மக்களைப் பார்த்து "செலவைக் குறையுங்கள்" என்று சொல்வதற்கு ஏழு மாடி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமானால் ஏழாவது மாடிக்குப் போக வேண்டும். பார்வையாளர்களுக்கு லிஃப்ட் கிடையாது; மின்சாரச் சிக்கனம்.

பிஸ்கட் தொழிற்சாலை, பஸ் டிப்போ என்று எங்கே வேலை பார்த்தாலும், ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு துண்டை இந்த வாரியம் மாதாமாதம் வெட்டி எடுத்துக்கொள்ளும். அதற்கு 'விடுமுறைச் சேமிப்பு' என்று பெயர். தொழிலாளியின் கையில் காசு கொடுத்தால் சோப்பு, செருப்பு, மருந்து என்று தாறுமாறாகச் செலவழித்துவிடுவான்; ஆகவே நாமே அவனுக்காகச் சேர்த்துவைத்து, ஐந்து வருடம் கழித்துக் குடும்பத்தோடு எங்காவது போய்வரக் கொடுப்போம் என்பது வாரியத்தின் கருணை.

அந்தப் பிஸ்கட் தொழிற்சாலையின் பாக்கிங் பிரிவில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர். பன்னிரண்டு இயந்திரங்கள் ஓடுகிற இரைச்சலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு "அட்டை தீர்ந்துபோச்சு!" என்று அவள் சொன்னால் அட்டை வந்துவிடும். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் மட்டும் அவள் குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிற பெயிண்டர். பேச்சு குறைவு. பதினொரு வயதில் ஒரே மகள்.

மகளுக்குத் தொலைதூரத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தேர்வு எழுதி அவளாகவே வாங்கிய இடம். போனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வர முடியும். போவதற்கு முன்னால் மூன்று பேருமாக ஐந்து நாள் கடலோரத்தில் இருந்துவிட்டு வர வேண்டும் என்று சைரன் முடிவு செய்தாள். மூன்று பேருமே கடலைப் பார்த்ததில்லை. ஆறு வருடப் பிடித்தம் வாரியத்தில் இருந்தது. பள்ளி திறக்க இன்னும் இருபத்து நான்கு நாள். ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனாள்.

விடுமுறைப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஓர் எழுத்தர் இருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"சார், குடும்பத்தோட கடலுக்குப் போகணும். ஆறு வருஷப் பணம் இருக்கு."

"தாராளமாப் போங்கம்மா. உங்க பணம்தானே."

"அப்ப குடுத்துருவீங்களா?"

"உங்க பணங்கிறதாலதான் யோசிக்க வேண்டியிருக்கு. எங்க பணமா இருந்தா எடுத்து நீட்டிட்டுப் போயிருவோம். அடுத்தவங்க பணத்துல நாங்க கவனமா இருக்கணும் பாருங்க." ஒரு படிவத்தைத் தள்ளினார். "இதைக் குடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"செலவு பண்ணுவோம் சார்."

எழுத்தர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் விண்ணப்பத்துல எழுதிடாதீங்க."

கடைசியில் விஷயம் இதுதான்: பணம் வேண்டுமானால் சிக்கனத் தகுதிச் சான்று வேண்டும். சான்று வேண்டுமானால் வீட்டுக்குத் தணிக்கையாளர் வர வேண்டும். அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. சொன்னால் மக்கள் தயாராகி, சிக்கனமாக இருப்பதுபோல் நடித்துவிடுவார்களாம்.

தணிக்கையாளர் ஆறாவது நாள் வந்தார். கூடவே அளவெடுக்க ஒருவர், படமெடுக்க ஒருவர். கீழே தெருவில் அவர்களுடைய கார் இன்ஜினை அணைக்காமல் நின்றது. அணைத்தால் உள்ளே குளிர் போய்விடும்.

இரண்டு அறை வீடு. தணிக்கையாளர் குளியலறையிலிருந்து ஆரம்பித்தார். கரைந்துபோன பழைய சோப்புத் துண்டைப் புதிய சோப்பின் முதுகில் ஒட்டவைத்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்து, அதைப் படமெடுக்கச் சொன்னார். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழித்திருந்ததையும் படமெடுக்கச் சொன்னார்.

"இந்தச் சோப்பு எத்தனை நாளா ஓடுது?"

"பத்து நாள் சார்."

"மூணு பேருக்குமா?"

"ஆமா சார்."

"தினமும் குளிக்கிறீங்களா?"

சைரனுக்கு எந்தப் பதில் சரி என்று தெரியவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். தணிக்கையாளர் எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு அவரும் சுவரைப் பார்த்தார். அங்கேதான் வினை வந்தது. அந்த வீட்டில் ஒரு சுவர் மஞ்சள், ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் இளம்பச்சை. சமையலறை பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு.

"என்ன இது? எங்க தலைவர் வீட்லயே ஒரே கலர்தான்."

"வேலை செய்யிற இடத்துல மிச்சம் விழுற பெயிண்ட் சார்," என்றார் பெயிண்டர். "தூக்கிப் போடச் சொல்வாங்க, நான் எடுத்துட்டு வந்துருவேன். ஒரு காசு செலவில்ல."

"செலவு பண்ணாம இருந்தாப் போதுமா? பாக்குறவங்களுக்குச் செலவு பண்ண மாதிரி தெரியுதே. தோற்றத்துலயும் சிக்கனம் இருக்கணும்." அளவெடுப்பவரிடம் திரும்பினார். "ஆடம்பர வண்ணப் பன்மை. மைனஸ் பன்னிரண்டு."

அலமாரியில் மகளின் துணிகளுக்கு நடுவே ஒரு வைக்கோல் தொப்பி இருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கியது. கடலுக்குப் போட்டுக்கொள்ள. தணிக்கையாளர் அதைப் பென்சில் நுனியால் தூக்கினார்.

"பணம் இன்னும் கைக்கு வரல. அதுக்குள்ள தொப்பியா? இதுக்குப் பேரு முன்கூட்டிய செலவு மனப்பான்மை."

"அது ஓட்டைத் தொப்பி சார்," என்றாள் மகள். "அம்மா தெச்சுக் குடுத்தாங்க."

"குழந்தை எதிர்த்துப் பேசுது," என்று அளவெடுப்பவர் தானாகவே எழுதிக்கொண்டார்.

அறுபத்தொரு மதிப்பெண். தேர்ச்சிக்கு அறுபத்தைந்து. பற்றாக்குறை நான்கை ஈடுகட்ட, தாயும் தகப்பனும் வாரியத்தின் மூன்று நாள் சிக்கனப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று தணிக்கையாளர் தாள் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அன்று ராத்திரிக்கு என்று மூடிவைத்திருந்த நான்கு அவித்த முட்டைகளில் ஒன்றைக் காணவில்லை. மாதிரிக்கு எடுத்திருப்பார்கள் என்றார் பெயிண்டர். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பயிற்சிக்கு மூன்று நாள் சம்பளம் போனது, இரண்டு பேருக்கும். அந்தப் பயிற்சி அடுத்த வாரம்தான் நடந்தது. முடியும்போது பள்ளி திறக்கப் பதினொரு நாள் பாக்கி.

குளிரூட்டிய மண்டபம். மேடையில் வாசனைப் பூக்கள். ஆலோசகர் ஒருவர் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார். அவருடைய முதல் உரை இது:

"நண்பர்களே, என்னை வேற்று மனிதனாகப் பார்க்காதீர்கள். நானும் உங்களில் ஒருவன்தான். போன வருடம் என் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தேன். மூன்று ஓட்டல்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவசரப்படவில்லை. கடைசியில், வாரியமே வாடகை கட்டுகிற ஓட்டலைத் தேர்ந்தெடுத்தேன். விளைவு? பத்து நாள் விடுமுறையில் என் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை! இதை ஏன் உங்களால் செய்ய முடியவில்லை? யோசித்துப் பாருங்கள். வருமானம் ஒரு காரணமே அல்ல. மனம் வேண்டும்."

கைதட்டுவதற்கென்று தனியாக ஓர் உதவியாளர் இருந்தார். அவர் ஆரம்பித்துவைக்க, எல்லோரும் தட்டினார்கள்.

பிறகு ஒரு டீப் பையை எத்தனை தடவை வெந்நீரில் போடலாம் என்று செய்து காட்டினார்கள். மூன்று தடவை போடலாம் என்பது வாரியத்தின் கண்டுபிடிப்பு. சைரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பஸ் டிரைவர், "மூணா? எங்க வீட்ல அஞ்சு. அஞ்சாவது காயவச்சுப் போடணும்," என்றார். ஓர் உதவியாளர் ஓடிவந்து அதைக் குறித்துக்கொண்டார். பால் பாக்கெட்டை வெட்டிக் கழுவி அந்தத் தண்ணீரையும் ஊற்றுவதை ஒரு பெண்மணி சொன்னாள். குறித்துக்கொண்டார்கள். கிழிந்த படுக்கை விரிப்பை நடுவில் கிழித்து ஓரங்களை நடுவாக வைத்துத் தைத்தால் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்று சைரன் மெதுவாகச் சொன்னாள். அதையும் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஆலோசகர் இவை எல்லாவற்றையும் 'வாரியத்தின் புதிய ஆய்வு முடிவுகள்' என்று படித்துக் காட்டி, இவற்றை வீட்டில் பழகிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

"நம்ம வீட்டுக் கஷ்டத்தை நமக்கே பாடமா நடத்துறாங்கம்மா," என்றார் பஸ் டிரைவர். லிஃப்டில் மேல் மாடிக்குப் போய்க்கொண்டிருந்த சாப்பாட்டின் வாசனை மண்டபம் முழுக்க அடித்தது. வறுத்த கோழி.

பயிற்சி முடிந்ததும் சைரன் ஜன்னலுக்குப் போனாள். "இப்ப அறுபத்தஞ்சு வந்திருச்சா சார்?"

"வந்திருச்சும்மா. எழுவது." எழுத்தர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி ஒத்திகை மட்டும்தான்."

"எதுக்கு ஒத்திகை?"

"விடுமுறைக்கு."

ஒத்திகை விடுமுறை வாரியக் கட்டடத்தின் பின்முற்றத்தில் நடந்தது. கார் நிறுத்துமிடத்தில் நான்கு லாரி மணல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மதில் நெடுகக் கடல் வரைந்திருந்தார்கள். ஒரு மூலையில் பெரிய மின்விசிறி, அது கடற்காற்று. ஒலிபெருக்கியில் அலைச் சத்தம், நடுநடுவே அடுத்த தெரு அறிவிப்புகளும் கலந்து வந்தன. இங்கே ஒரு முழுநாள் குடும்பத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரிகள் பார்ப்பார்கள்.

பெயிண்டர் மதிலுக்குப் பக்கத்தில் போய் விரலால் தடவிப் பார்த்தார். "கடலுக்கு டிஸ்டெம்பர் அடிச்சிருக்காங்க," என்றார். "அதுவும் ஒரே கோட்டு. மழை பெஞ்சாக் கடல் கரைஞ்சு ஓடிரும்."

மூன்று பேரும் மணலில் உட்கார்ந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் சிரிப்பாகத்தான் இருந்தது. மகள் ஒட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வரைந்த கடலில் வரைந்த கப்பலுக்குக் கையசைத்தாள். வெயில் ஏறியது. மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியைத் தின்றார்கள். அப்போது மணியடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டி ஒன்று வந்தது. தள்ளிக்கொண்டு வந்த ஆள் கால்சட்டைக்குக் கீழே பளபளவென்று தோல் ஷூ போட்டிருந்தார். சோதனை அதுதான் என்பது மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

வண்டி மகள் எதிரில் வந்து நின்றது. தள்ளிவந்தவர் மூடியைத் திறந்தார். குளிர் புகையாக எழுந்தது. உள்ளே இருந்தது நிஜ ஐஸ்கிரீம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள்.

"என்ன பாப்பா, எது வேணும்?"

நாற்காலிகளில் இருந்த அதிகாரிகள் பேனாவைத் திறந்துகொண்டார்கள். மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒருமுறை எச்சில் விழுங்கியது தாய்க்குத் தெரிந்தது. பிறகு மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் சார். நான் சும்மா பாத்தேன்."

"உனக்குப் பிடிக்காதா?"

"பிடிக்கும் சார். ஆனா வேணாம்."

அதிகாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தணிக்கையாளருக்குக் கண் கலங்கியிருந்தது. "நூத்துக்கு நூறு!" என்றார். "இந்த வயசுலயே ஆசையை அடக்கத் தெரிஞ்சிருக்கு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, நாள் முழுக்க அது வேணும் இது வேணும்னு." சொல்லிவிட்டு வண்டிக்குள் கைவிட்டுச் சிவப்பில் ஒன்றை எடுத்து உரித்தார். மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். கரைந்து வீணாகக் கூடாதல்லவா.

சைரன் எழுந்திருக்கவில்லை. கையில் அள்ளிய மணல் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாகப் பிடித்த பணம், பயிற்சிக்குப் போன சம்பளம், அந்தத் தொப்பிக்கு விழுந்த திட்டு எதுவுமே அவளை இப்படிச் சுட்டதில்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஓர் ஐஸ்கிரீமை வேண்டாமென்று சொல்வதை வளர்ந்த ஆட்கள் ஏழு பேர் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்து, "இன்னிக்கோட முடிஞ்சிரும், விடு," என்றார்.

முடியவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய குடும்பத்தைப் பாராட்டாமல் பணம் கொடுக்க விதியில் இடமில்லை. வியாழக்கிழமை விழா. திங்கள் காலை மகள் விடுதிக்குக் கிளம்ப வேண்டும்.

விழாவுக்கு வேறு சேமிப்பாளர்களையும் வரவழைத்திருந்தார்கள். வந்தால் விண்ணப்பம் சீக்கிரம் நகரும் என்று சொல்லியிருந்ததால் மண்டபம் நிறைந்திருந்தது. சைரன் குடும்பத்தை மேடையில் உட்காரவைத்தார்கள். வாரியத் தலைவர் ஒலிபெருக்கி முன் வந்தார். வெயில் படாத, வழவழப்பான முகம்.

"அன்பர்களே! விடுமுறை என்றால் என்ன? கடலா? மலையா? இல்லை. அது ஒரு மனநிலை. இந்த எளிய குடும்பம் நம் முற்றத்தில் ஒரு முழுநாள் கடலை அனுபவித்தது. எவ்வளவு செலவு செய்தது? ஒன்றுமே இல்லை! இவ்வளவு நிறைவாக விடுமுறையைக் கழித்தவர்களை மறுபடியும் செலவுக்குள் தள்ளுவது பாவம் அல்லவா? ஆகவே இவர்களுடைய விடுமுறை நிறைவேறிவிட்டதாகவே வாரியம் கருதுகிறது. இவர்கள் மிச்சப்படுத்திய தொகை முழுவதும் பத்திரமாக அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மாற்றப்படுகிறது. சிலர் மனத்துக்குள் கேட்கிறார்கள், 'வாரியத்துக்கு ஏழு மாடி எதற்கு, எட்டுக் கார் எதற்கு?' என்று. நான் கேட்கிறேன்: உங்கள் பணத்தை நாங்கள் செலவழிக்காவிட்டால் நீங்களே செலவழித்துவிட மாட்டீர்களா? உங்களை அந்தச் சோதனையிலிருந்து காப்பாற்றுவது யார்?"

உதவியாளர் கைதட்டினார். பாதி மண்டபம் தட்டியது. மீதிப் பாதி, தான் கேட்டது சரிதானா என்று பக்கத்து ஆளைப் பார்த்தது.

தலைவர் ஒரு சான்றிதழைச் சைரன் கையில் கொடுத்து, நன்றி சொல்லும்படி ஒலிபெருக்கியைக் காட்டினார். அவள் போய் நின்றாள். முதலில் குரல் வரவில்லை.

"நான்... பிஸ்கட் கம்பெனியில பாக்கிங்ல இருக்கேன்," என்றாள். "திங்கக்கிழமை எம் பொண்ணு போறா. அவளுக்குக் கடலைக் காட்டணும்னுதான் வந்தேன். அவ ஐஸ்கிரீமைப் பாத்து வேணாம்னு சொன்னதுக்கு எல்லாரும் கைதட்டுனீங்க. ஏன் கைதட்டுனீங்க?"

தலைவர் ஜாடை காட்டினார். ஒலிபெருக்கி அணைந்தது. "மின்சாரச் சிக்கனம்," என்று யாரோ பக்கத்திலிருந்து சொன்னார்கள்.

பன்னிரண்டு இயந்திரங்களைத் தாண்டிப் பேசுகிறவளுக்கு ஒலிபெருக்கி எதற்கு? மேசை நடுவில் இல்லாததாலோ என்னவோ, அந்தக் குரல் அப்போதுதான் வெளியே வந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நாங்க சிக்கனமா இல்லையா? பிறந்ததுல இருந்து அதைத்தானேய்யா பண்ணிட்டிருக்கோம்! கிழிஞ்சதைத் தெச்சுக் கட்டுறோம், ஒட்டுச் சோப்புல குளிக்கிறோம். எங்களுக்கு எதுக்குப் பாடம்? இந்த மூணு வாரத்துல நான் தண்டமா இழந்தது உங்களாலதான். எங்க பணத்தைக் குடுங்க! வேற ஒண்ணும் வேணாம்!"

பஸ் டிரைவர் எழுந்தார். "எம் பணத்தையும் குடுங்க!" என்றார். அதற்குப் பிறகு யார் யார் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. தலைவர் நிதானமாகப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்.

கூட்டம் ஜன்னலுக்கு ஓடியது. எழுத்தர் இரண்டு கையையும் தூக்கினார். "தலைவர் கையெழுத்து இல்லாம என்னால ஒரு தாளை நகர்த்த முடியாது. அவரு கிளம்பிட்டாரு. களஆய்வு. ஒரு வாரம்."

"எங்க களஆய்வு?" என்று கேட்டாள் சைரன்.

எழுத்தர் தயங்கினார். வழுக்கையைத் தடவிக்கொண்டார். "கடற்கரையில. குடும்பத்தோட."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு பஸ் டிரைவர், டிப்போவில் இரண்டு பஸ் சும்மா நிற்பதாகவும், டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் மேலாளரிடம் பேசி எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். கையெழுத்து அங்கே இருந்தால் அங்கே போய் வாங்க வேண்டியதுதான்.

வெள்ளி விடிந்ததும் தொண்ணூற்று நான்கு பேர் கிளம்பினார்கள். கடைசியாக ஓடிவந்து ஏறியவர் எழுத்தர். கையில் துணிப்பை, அதற்குள் எல்லோருடைய விண்ணப்பங்களும் ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும். "எனக்கும் பதினோரு வருஷமாப் பிடிக்கிறாங்க," என்றார். "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறதால கேக்கவும் முடியல."

வெயில் ஏறும்போது பஸ் ஒரு திருப்பத்தில் திரும்பியது. யாரும் சொல்லவில்லை, மகளே பார்த்துவிட்டாள். "அப்பா," என்றாள். அவ்வளவுதான். பெயிண்டர் எழுந்து நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்த நீலத்தைக் கலக்க முடியாது," என்றார். "எவனாலயும் முடியாது."

தலைவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடற்கரையின் நல்ல பாகத்தில், பெரிய குடைக்குக் கீழே, கோடு போட்ட அரைக்கால் சட்டையில் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி, பழச்சாறுக் கோப்பைகள். தொண்ணூற்று நான்கு நிழல்கள் மேலே விழுந்ததும் கண் திறந்தார்.

"நான் ஆய்வுல இருக்கேன்."

"எதை ஆய்வு பண்றீங்க சார்?" என்று கேட்டார் பஸ் டிரைவர்.

"விடுமுறைங்கிற பேர்ல மக்கள் எவ்வளவு வீணாக்குறாங்கன்னு." கோப்பையை மெல்ல மணலில் மறைத்துவைத்தார். "கையெழுத்தெல்லாம் அலுவலக நேரத்துல, அலுவலகத்துல. போங்க."

"சரி சார். காத்திருக்கோம்," என்றாள் சைரன்.

குடையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை, கை வைக்கவில்லை. தொழிற்சாலையில் எடைக்குப் போடுகிற உடைந்த பிஸ்கட் இருந்தது, ரொட்டி இருந்தது, முட்டை இருந்தது. பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தார்கள். தலைவர் குளிக்கப் போனால் இருபது பேர் மரியாதையான தூரத்தில் கூடவே குளித்தார்கள். சாப்பிடப் போனால் ஓட்டல் கண்ணாடிக்கு வெளியே நின்று, அவர் தட்டையே பார்த்தார்கள். இரவு தங்க இடமில்லை. பஸ்ஸுக்குள்ளும் மணலிலுமாகப் படுத்தார்கள்.

சைரன் மகளோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். அலை வந்து இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது. மகள் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தாள். தாயும் சிரித்தாள். ஆனால் கோபம் ஆறவில்லை. இருபது நாளைக்கு முன்னாலேயே இந்தத் தண்ணீரில் நின்றிருக்கலாம். நிம்மதியாக, யாரையும் மிரட்டாமல், காசு கொடுத்து ஓர் அறை எடுத்து, இந்தப் பிள்ளையின் தலையைத் துவட்டிவிட்டு, அதைத் தூங்கவைத்திருக்கலாம். அந்த இருபது நாளை யாரிடம் கேட்டு வாங்குவது?

சனிக்கிழமை மத்தியானம் தலைவரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினார். "நான் எத்தனை வாய் சாப்பிடுறேன்னு எண்ணிட்டே இருக்காங்க! இப்படி ஒருத்தர் பாத்துட்டிருந்தா மனுஷி எப்படி நிம்மதியா இருக்கிறது?"

எழுத்தர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேசையாக்கினார். தலைவர் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். குடை எட்டவில்லை, வெயில் முதுகில் விழுந்து தோல் சிவந்தது. எழுத்தர் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார். அவருடைய சொந்த விண்ணப்பத்துக்கு மட்டும் இரண்டு தடவை குத்தினார்.

கடைசி விண்ணப்பம் சைரனுடையது. தலைவர் பேனாவை நிறுத்தினார். முகத்தில் பழைய மண்டபச் சிரிப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"கடலைத்தான் பாத்துட்டீங்களேம்மா. இனி இந்தப் பணம் எதுக்கு?"

"அது எங்க பணம்," என்றாள் சைரன். "எதுக்குன்னு கேக்க நீங்க யாரு?"

தலைவர் கைதட்டுகிற உதவியாளரைத் தேடித் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் அங்கே இல்லை. கையெழுத்துப் போட்டார்.

திங்கள் காலை மகளை விடுதிக்கு அனுப்பினார்கள். தோலுரிந்த மூக்கோடு போனாள். பணம் மூன்று வாரம் கழித்து வந்தது. குளிர்காலத்துக்கு ஒரு கோட்டும், மூன்று பேருக்கும் சோப்பும், விடுதிக்குப் போய்ப் பார்த்துவர டிக்கெட்டும் வாங்கினார்கள். சைரன் அதில் எதற்கும் யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை.

வருடக் கடைசியில் வாரியத்தின் ஆண்டறிக்கை வழவழத் தாளில் தொழிற்சாலைக்கு வந்தது. பாக்கிங் பிரிவில் ஒருத்தி எடுத்துச் சைரனிடம் நீட்டினாள். எட்டாம் பக்கத்தில் படம்: மணலில் குனிந்து கையெழுத்திடும் தலைவர், சுற்றிலும் மக்கள். சைரன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே உரக்கப் படித்தாள்.

"'வாரிய வரலாற்றில் முதன்முறையாகத் தொண்ணூற்று நான்கு சேமிப்பாளர்கள் முழுக்க முழுக்கத் தங்கள் சொந்தச் செலவிலேயே விடுமுறை சென்று திரும்பினர். தலைவர் தாமே கொளுத்தும் வெயிலில் அமர்ந்து அவர்களை வழிநடத்தினார். இந்த மகத்தான வெற்றியைத் தொடர்ந்து, இனி எல்லா விடுமுறைகளும் சேமிப்பாளர்களின் சொந்தச் செலவிலேயே நடைபெறும். வழிகாட்டுதலுக்கான கூடுதல் பொறுப்பை முன்னிட்டு, மாதப் பிடித்தம் இரட்டிப்பாக்கப்படுகிறது.'"

படித்து முடித்தபோதுதான் தன் குரல் இவ்வளவு தனியாக ஒலிப்பதை அவள் கவனித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டும் நின்றிருந்தன. பிஸ்கட்டுகள் பெல்ட்டில் அப்படியே வரிசையாகக் கிடந்தன.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "யாரு நிறுத்தினது? யாரு?"

"நாங்க எல்லாருந்தான்," என்று பதில் வந்தது.

சொன்னது சைரன் அல்ல. கடைசி இயந்திரத்தில் நின்ற பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியும் அவள் குரலை அந்தப் பிரிவில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.